முதலிய பிற

திங்கட்கிழமை பொருள்கோடல் தேர்வு.
ஞாயிறு நான் போச்சம்பள்ளிச் சந்தையில்,
கொட்டை எடுத்த புளியோடும்
கொட்டை எடுக்காத நோட்ஸோடும்.

எதிரே வசூல் வாசல்.
நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து:
மாடு, எருமை, ஆடு, முதலிய பிற
உருப்படிக்கு இருபது ரூபாய்.

மாதப்பன் கக்கத்தில் ஒரு சேவல்,
ஒரு கண்ணில் பூ விழுந்தது.
தீர்த்தகிரி ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தான்.
"சேவலுக்கு என்னாத்துக்கு இருபது?"
"பலகையைப் படி. பிற."
"பிறன்னா?"
"பிறன்னா பிறதான். உசுரு இருக்குதில்ல? உருப்படி."

எழுதியதை எழுதியபடி படி:
முதல் விதி அவன் பக்கம்தான்.
ஆனால் அப்படியே படித்துக்கொண்டு போனால்
எருமைக் காதிலிருக்கும் உண்ணியும் உருப்படி,
ஒவ்வொன்றுக்கும் ரசீது கிழிக்க வேண்டும்.
அபத்தத்தில் முட்டிக்கொண்டால்
ஓரடி பின்னால் வரலாம் என்கிறது அடுத்த விதி.

சாக்கை விட்டு எழுந்தேன். எனக்கு வாய் நிற்காது.
"அண்ணா, பிறங்கிறது தனியா நிக்கிற சொல்லு இல்லை.
முன்னால நிக்கிறதுங்கதான் அதுக்குச் சொந்தம்.
மாடு, எருமை, ஆடு. நாலு கால், கொளம்பு.
தொட்டியில தண்ணி குடிக்கும், சாணி போடும்.
அதை அள்ளத்தானே காசு?
இந்தச் சேவல் இன்னும் தரையே மிதிக்கலை."

இதற்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு.
சொல்லவில்லை. சந்தையில் லத்தீன் பேசினால்
புளி விலை இறங்கும்.

ஆட்டு வியாபாரிகள் சிரித்தார்கள்.
தீர்த்தகிரி புத்தகத்தை மூடினான்.
மாதப்பன் என்னைக் கடந்து உள்ளே போனார்.
கழிவே போடாது என்று நான் வாதாடிய சேவல்
போகிற போக்கில் என் சாக்கின்மேல் எச்சமிட்டது.

தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன்,
எச்சத்தை விட்டுவிட்டு.

அடுத்த ஞாயிறு பெயின்ட் வாசனை.
மாடு, எருமை, ஆடு, கோழி, சேவல், முயல்,
இறகுள்ளவை, இல்லாதவை, முதலிய பிற.
"நீ சொன்னதைக் கேட்டுத்தாம்மா
ஏலம் எடுத்தவரு எழுதச் சொன்னாரு" என்றான்
தீர்த்தகிரி, நிஜமான மரியாதையோடு.
ஓட்டையைக் காட்டியவளின் கைவிளக்கிலேயே
தைத்து முடித்துவிட்டார்கள்.

மாதப்பன் இரண்டு பெட்டைகளோடு வந்தார்.
நாற்பது கொடுத்தார். என்னைப் பார்த்தபடியே கொடுத்தார்.
"போன வாரத்துச் சேவலுக்கும் இருபது."
மறுபடி எழுந்தேன்:
புதுப் பலகைக்கு முதுகில் கண் கிடையாது.
போன வாரத்துச் சேவலைப்
போன வாரத்துப் பலகைதான் பார்க்கும்.
தீர்த்தகிரி முனகிக்கொண்டே விட்டான்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.
ஆட்டுக்கார முனிவெங்கடப்பா நெருங்கி வந்தார்.
"அப்படின்னா, பாப்பா, என் பாக்கி?
அஞ்சு ஆட்டுக்கு நூறு ரூபா. பழைய பலகையில ஏறுனது.
அந்தப் பலகையத்தான் அழிச்சிட்டாங்களே?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.
ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், ஆறாம் பிரிவு.
நேற்று இரவு படித்தது. மறந்ததாக நடித்திருக்கலாம்.

"எழுத்துதான் அழிஞ்சது, மாமா.
அது இருந்தப்ப ஏறுன கடன் அழியாது."

அவர் நூறு ரூபாயை எண்ணி வைத்தார்.
அன்று ஆட்டுக்காரர் எவரும் என்னிடம் புளி வாங்கவில்லை.
மாதப்பன் மட்டும் கால் கிலோ கேட்டார்,
பேரம் பேசாமல், பேசவே செய்யாமல்.

வெயில் சாய்ந்து அடிக்கும்போது
புது நீலத்துக்கு அடியில் பழைய எழுத்துகள்
புடைத்துத் தெரிகின்றன;
கோழியின் கீழே பழைய பிற.

புதிய பிறவுக்குத்தான் சொந்தம் பெருத்துவிட்டது.
கால், கொளம்பு, எதுவும் இனி அதைக் கட்டாது.
புளிக்கு இதுவரை காசு கேட்கவில்லை.
வாராவாரம் பலகையை ஒருமுறை
முழுசாகப் படித்துவிட்டுத்தான்
சாக்கைப் பிரிக்கிறேன்.